கேட்டால் மட்டும் வா

வெள்ளவத்தை
08.07.2024

மலருக்கு,

நான் என் வீட்டில் இருக்கிறேன். நலமாகத்தான் இருக்கிறேன். நேற்று நீ கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மஹ்ரூபை வரச் சொல்லி, அவருடைய ஆட்டோவில் ஏறி வந்துவிட்டேன். அவரைத் திட்டாதே. "தங்கச்சி வரட்டும், சொல்லிட்டுப் போவோமே" என்று அந்த மனுசன் உன் கேற்றடியில் நின்று கெஞ்சினார். நான்தான் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் புறப்பட்டால் நீ அழுவாய். உன் அழுகையைப் பார்த்தால் நான் மறுபடி கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவேன். ஐந்து மாதமாக அதுதானே நடந்தது.

நேற்றுப் பின்னேரம் போனில் நீ அழுதாய், நான் கத்தினேன். எனக்கு ஒரு காது அரைவாசிதான் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். இனி ஏதும் கதைப்பதென்றால் எழுதுவோம். மஹ்ரூப் தினமும் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் ஓடுகிறார், கொண்டுவந்து தருவார். எழுத்தில் எனக்கு ஒரு வசதி, நீ இடையில் குறுக்கிட முடியாது.

இனி விசயத்துக்கு வருகிறேன். பெப்ரவரியில் புறக்கோட்டையில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேனே, அன்று காலை பூட்டிய வீடு இது. நேற்றுத் திறந்து, வோக்கரைத் தள்ளிக்கொண்டு முதலில் குசினிக்குத்தான் போனேன். காஸ் அடுப்பு இல்லை. சிலிண்டர் இல்லை. கேத்தில் இல்லை. கறிச்சட்டிகள் இருந்த தட்டில் உன் வீட்டுப் பழைய பேப்பர்க் கட்டு இருக்கிறது.

நான் சாகவில்லை, மலர். ஆனால் என் குசினிக்கு நீ அந்தியேட்டி செய்து முடித்துவிட்டாய். ஏன் என்று எழுது.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
10.07.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தியேட்டி என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? கோயிலால் விபூதியும் பொங்கலும் கொண்டு உங்கள் அறைக்குத்தான் நேரே வந்தேன். கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. சேர்ட் போடாமல் கேற் வரைக்கும்கூடப் போகாத இவர், வெறும் சாரத்தோடு தெருவில் ஓடினார். ஒழுங்கைச் சனம் முழுக்க வெளியில் வந்து பார்த்தது. "என்ன மிஸ்டர் கதிர்காமநாதன், மச்சாள் கோவிச்சிட்டுப் போயிட்டாங்களா?" என்று பக்கத்து வீட்டு டோரின் கேட்டாளாம். அந்தக் கேள்வியோடு நான் இனி இந்தத் தெருவில் இருக்கவேண்டும்.

குசினிச் சாமான்களைப் பழனியம்மாவுக்குக் கொடுத்தேன். எத்தனை வருடமாக உங்கள் வீட்டைக் கூட்டித் துடைத்தவள். அவளுடைய மகள் ஒருகொடவத்தையில் புதிதாகக் குடித்தனம் தொடங்கினாள், ஒன்றும் இல்லாமல் நின்றாள். ஆஸ்பத்திரியால் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டொக்டர் என்ன சொன்னார்? இனி இவவைத் தனிய விடாதேங்கோ என்றார். தனியே இருக்கப்போவதில்லை என்றால் அடுப்பு எதற்கு? அப்படித்தான் நினைத்தேன்.

உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். அடுப்பு அங்கே இருந்தால் நீங்கள் திரும்பிப் போக நினைப்பீர்கள் என்றும் ஒரு எண்ணம் இருந்தது.

என்னிடம் மற்றச் சாவி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இவரோடு வருகிறேன், பேசாமல் புறப்பட்டு வாருங்கள். உங்கள் அறையில் புதுப் படுக்கைவிரிப்புப் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும்
தங்கை மலர்


வெள்ளவத்தை
12.07.2024

மலருக்கு,

ஞாயிற்றுக்கிழமை வராதே.

பழனியம்மாவின் மகள் நன்றாக இருக்கட்டும். கொடுத்ததைத் திருப்பி வாங்கப் போய்விடாதே, எனக்கு அது மானக்கேடு. நான் கேட்பது வேறு. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் கோப்பையைத் தூக்கினால் உன் கை வந்து வாங்கிவிடும். சீப்பை எடுத்தால், "விடுங்கோ அக்கா, நான் இழுத்து விடுறன்." சோற்றைக் குழைக்கத் தொடங்கினால் அதற்கும் நீ வந்துவிடுவாய். பிசியோ பிள்ளை சாமினி வந்து என்னை நடக்கவைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் நீ வோக்கரை எடுத்துக்கொண்டு போய் விறாந்தையில் வைப்பாய். ஏன்? நான் தனியே எழும்பிவிடுவேனாம். எழும்பத்தானே அம்மா அந்தச் சாமான்!

ஒருநாள் சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு கோப்பை கழுவினேன். எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா? யன்னலால் எட்டிப் பார்த்த டோரின், "என்ன மலர், சுகமில்லாதவங்களப் பாத்திரம் கழுவ விட்டிருக்கீங்க?" என்றாள். உன் முகம் செத்துப்போனது. அடுத்த நாளிலிருந்து குசினிக் கதவு எனக்குச் சாத்தியே இருந்தது. அப்பிளும் பிஸ்கட்டும் கொண்டு பார்க்க வருகிறவர்கள் முன்னால் நான் படுத்திருந்தால் நீ நல்ல தங்கை. எழும்பி நின்றால் நீ கொடுமைக்காரி. ஊர் வாய்க்குப் பயந்து என் கால்களைச் சூம்பவிட்டாய். இதை எழுத எனக்கும் வலிக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு, நிலத்தில் இருந்தால் எப்படித் தனியே எழும்புவது என்று சாமினி பழக்கத் தொடங்கிய அன்று அவளையே கலைத்து அனுப்பிவிட்டாய். "வருத்தக்காரியை நிலத்தில இருத்திறதோ" என்று நீ போட்ட சத்தம் எனக்கே நன்றாகக் கேட்டது. ஹெந்தளையிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற பிள்ளை அழுதுகொண்டு போனாள். இங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.

என் பாடு ஓடுகிறது. காலையில் பாணும் வாழைப்பழமும். மத்தியானம் கீழ்க்கடைச் சோற்றுப் பார்சல். இரண்டு கையும் வோக்கருக்கு வேண்டுமென்பதால் கழுத்தில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு திரிகிறேன், கடலை விற்கிறவன் மாதிரி. குளிக்கப் பிளாஸ்ரிக் கதிரை. எல்லாவற்றுக்கும் நேரம் எடுக்கிறது. பயமும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த வயதில் ஒருமுறை முழுதாகப் படுத்துவிட்டால் பிறகு எழும்ப முடியாது என்ற பயம் அதைவிடப் பெரிது.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
17.07.2024

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆடிக்கூழ் காய்ச்சும்போது மனம் கேட்கவில்லை.

நீங்கள் வராதே என்று எழுதினீர்கள், ஓம். வந்தது பிழைதான். ஆனால் நான் பெல் அடித்தேன். திரும்பவும் அடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாவியை இவரிடம் கொடுத்தேன், இவர்தான் திறந்தார். உள்ளே ஓடிவந்தால் நீங்கள் குளியலறைக் கதிரையில் அரைகுறை உடுப்போடு பாவாடையில் கால் சிக்கி இருக்கிறீர்கள். நான் பிடித்து மாட்டிவிட்டேன். தங்கை வேறென்ன செய்வாள்? அதற்கு "வெளியால போ" என்று கத்தினீர்களே. இவரும் கேட்கக் கத்தினீர்கள். எனக்கு அறுபத்தாறு வயதாகிறது அக்கா. என்னை ஒருவரும் வீட்டை விட்டுப் போ என்று சொன்னதில்லை.

நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள், நானும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் அம்மா விழுந்து படுக்கையான காலத்தில் அவவைப் பார்த்தது ஆர்? தூக்கினது, கழுவினது, முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டினது எல்லாம் நான். நீங்கள் இங்கே கோட்டையில் கொம்பனி வேலை, லீவு இல்லை, சண்டையால் பாதை பூட்டு என்று இருந்தீர்கள். செத்தவீட்டுக்குத்தான் வந்தீர்கள். அம்மாவின் கடைசி நாட்களை நீங்கள் காணவில்லை. நான் கண்டவள். இன்னொரு தரம் அதைக் காண என்னால் ஏலாது. அதனால்தான் உங்களைக் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அது ஊர் வாய்க்குப் பயந்து என்று எழுதினீர்கள். கொஞ்சம் அதுவும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முழுக்க அது இல்லை.

கூழ் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கிக் குடியுங்கள் என்று எழுத வந்தேன், உங்களிடம் அடுப்பு இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. அழுகைதான் வருகிறது.

மலர்


வெள்ளவத்தை
21.07.2024

மலர்,

கூழை ஆறியபடியே குடித்தேன். பனங்கட்டி கொஞ்சம் கூடிவிட்டது. நல்லாயிருந்தது.

அம்மாவை நீதான் பார்த்தாய். அதற்கு நான் உனக்கு ஒருநாளும் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. நன்றி, மலர். மனதோடு சொல்கிறேன். ஆனால் நான் அம்மா இல்லை. அம்மாவின் எலும்பை ஒருவரும் பொருத்தவில்லை. என் இடுப்பில் டொக்டர்கள் இரும்பு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், நடக்கச் சொல்லித்தான் பூட்டியிருக்கிறார்கள். நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் கட்டிலைப் பார்க்கிறாய். அது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. முதலே விளங்கியிருந்தால் நான் களவாக ஓடி வந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பாவாடைக்குள் ஒரு காலை விட்டு, மற்றக் காலையும் அரைவாசி விட்டுவிட்டேன். முறிந்த பக்கக் கால். ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அதுவரை அந்தக் காலுக்கு நானாக ஒரு உடுப்பு மாட்டியதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தந்திருந்தால் நிமிர்ந்து நின்று கட்டியிருப்பேன். அந்த நேரம்தான் நீ வந்து பிடுங்கினாய். பெல் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கத்தினது பிழை. கதிர்காமநாதன் முன்னால் கத்தினது இன்னும் பிழை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சாவியை நீயே வைத்திரு. மஹ்ரூப் அழைப்பு மணிக்கு ஒரு சிவப்பு லைற் பூட்டித் தந்திருக்கிறார், அடித்தால் கண்ணுக்குத் தெரியும். வந்தால் அடித்துவிட்டு நில், நான் வந்து திறப்பேன்.

அருந்ததி அக்கா


கொட்டாஞ்சேனை
25.07.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் வாசித்தேன். இவருக்கும் வாசித்துக் காட்டினேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "உன்ர அக்கான்ர கதையில நியாயம் இருக்கு. என்னையும் இத்தினை வருசமா ஒரு தேத்தண்ணி போட விட்டனியோ?" என்றார். ஒருநாளாவது போடட்டா என்று கேட்ட மனுசன் மாதிரி!

மஹ்ரூபிடம் ஒரு மின்சார அடுப்பும் இரண்டு சட்டியும் கேத்திலும் அனுப்புகிறேன். காஸ் வேண்டாம், எனக்குப் பயம். சாமினியின் நம்பரை அனுப்புங்கள், அந்தப் பிள்ளையோடு நான் கதைக்கவேண்டும்.

நீங்கள் தனியே இருங்கள். ஆனால் எனக்கு ஒரு வாக்குத் தரவேண்டும். இன்னொரு தரம் விழுந்தால் ஒரு கதையும் இல்லை. கொட்டாஞ்சேனைக்கு வந்துவிடவேண்டும், அதற்குப் பிறகு திரும்பிப் போகிற பேச்சே எடுக்கக்கூடாது. இதற்கு ஓம் என்று எழுதித் தந்தால் நான் நித்திரை கொள்ளுவேன்.

மலர்


வெள்ளவத்தை
26.07.2024

மலர்,

ஓம். விழுந்தால் வருகிறேன். மறைக்கவும் மாட்டேன்.

அடுப்புக் கிடைத்தது. முதலில் தேத்தண்ணி. நான் ஊற்றி நானே குடித்த தேத்தண்ணி. சீனி போட மறந்துவிட்டேன், அது வேறு.

அக்கா


வெள்ளவத்தை
15.09.2024

மலர்,

இந்தக் கிழமை வோக்கரைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இப்போது ஒரு ஊன்றுதடி. சாமினி விடாக்கண்டி. "அன்ரி, கால் நோகுது எண்டா நோகட்டும், பயமா இருக்கு எண்டா மட்டும் சொல்லுங்கோ" என்பாள். இரண்டும்தான் என்றால் சிரிப்பாள்.

நேற்று லிஃப்டால் இறங்கி, காலி வீதி வரைக்கும் போய், வீதியைக் கடந்து, வெண்டிக்காயும் கீரையும் வாங்கி வந்தேன். பாதி வீதியில் ஒரு பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். தடியைத் தூக்கிக் காட்டினேன். "யன்ன அம்மே, யன்ன" என்று, போகச் சொல்லிக் கையைக் காட்டி நின்றான். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும் கால் இரண்டும் உதறத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த வெண்டிக்காய்க் குழம்பு மாதிரி ஒரு குழம்பை நான் என் வாழ்நாளில் வைத்ததில்லை. உன்னுடையது இதைவிட ருசி என்று நீ சொல்லப்போகிறாய், சொல்லு.

அக்கா


வெள்ளவத்தை
19.10.2024

மலர்,

இந்தக் கடிதத்தை எழுதுவதா விடுவதா என்று நேற்று முழுதும் யோசித்தேன்.

நான் விழுந்துவிட்டேன். நேற்றுக் காலை. பல்கனியில் துவாய் காயப்போட்டுவிட்டுத் திரும்பும்போது கால்மிதியில் தடி வழுக்கியது. முறிந்த பக்கம் இல்லை, மற்றப் பக்கமாக விழுந்தேன். போன் மேசையில். கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். வாய் வரை வந்தது. கத்தினால் கதவை உடைத்துத் தூக்குவார்கள், தூக்கினால் அதோடு இந்த வீடு போய்விடும் என்று நினைத்தேன். நிலத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன். அம்மாவை நினைத்தேன். அவவும் இப்படித்தானே கிடந்திருப்பா என்று.

பிறகு சாமினி பழக்கியது ஞாபகம் வந்தது. முதலில் ஒன்றும் செய்யாமல் மூச்சு விடுங்கள் என்பாள். விட்டேன். விரல்களை அசைத்துப் பார்த்தேன், கால்களை அசைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் புரண்டேன். கையை ஊன்றி முழங்காலுக்கு வந்தேன். தவழ்ந்து தவழ்ந்து சாப்பாட்டு மேசைக் கதிரையடிக்குப் போனேன். அதன் இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, நல்ல காலை முன்னே ஊன்றி, தள்ளினேன். முதல் தரம் முடியவில்லை. இரண்டாம் தரமும் முடியவில்லை. பிறகு எப்படியோ கதிரையில் இருந்தேன். வியர்த்து ஒழுகியது.

மஹ்ரூபைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தாயிற்று. எலும்புக்கு ஒன்றும் இல்லை. தொடை கன்றிப்போய்க் கிடக்கிறது. தங்கச்சிக்குச் சொல்லவேண்டாம் என்றேன், மஹ்ரூப் சொல்லமாட்டார். ஆகவே உனக்குத் தெரியாமலே இது போயிருக்கும்.

ஆனால் நான் உனக்கு ஓம் என்று எழுதித் தந்தவள். உன்னை ஏமாற்றித்தான் இந்த வீட்டில் இருக்கலாம் என்றால் இது என் வீடு இல்லை. உடுப்புகளைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். மஹ்ரூப் இதைத் தந்துவிட்டு உன் கேற்றடியில் நிற்பார். நீ வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் உன்னோடு வருவேன்.

வர எனக்கு விருப்பமில்லை, மலர். அதையும் எழுதாமல் விட முடியவில்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை
19.10.2024

அன்பின் அக்காவுக்கு,

மஹ்ரூப் வெளியில் நிற்கிறார். கெதியாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் விழுந்துவிட்டேன் என்பதை வாசித்ததும் மிச்சம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. சேலையை மாற்றினேன். உங்கள் அறை யன்னலைத் திறந்துவிட்டேன். இவரிடம் கட்டிலைத் தட்டிப் போடச் சொன்னேன். ஓடிப்போய் ஆட்டோவில் ஏறி இருந்தும்விட்டேன். மஹ்ரூப் ஸ்டார்ட் பண்ணினார். கடிதம் கையில் இருந்தது. அவர் ஆட்டோவைத் திருப்புகிற நேரத்தில் மிச்சத்தை வாசித்தேன். வாசித்துவிட்டு, "மஹ்ரூப் நானா, நிப்பாட்டுங்கோ" என்றேன்.

என் வீட்டில் இருந்த ஐந்து மாதமும் நீங்கள் ஒருதரம்கூட விழவில்லை. ஒருதரம்கூட நீங்களாக எழும்பவும் இல்லை. இது எனக்கு ஆட்டோவுக்குள் இருக்கும்போதுதான் உறைத்தது. அம்மா விழுந்தபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன் அக்கா. ஓடிப்போய்த் தூக்கினேன். அதற்குப் பிறகு அவ எழும்பவே இல்லை. நீங்கள் விழுந்தபோது ஒருவரும் இல்லை. நீங்கள் எழும்பிவிட்டீர்கள். எனக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

நீங்கள் தந்த வாக்கை நான் திருப்பித் தருகிறேன். உடுப்பை அலுமாரியில் அடுக்குங்கள். அந்தக் கால்மிதியை எறிந்துவிடுங்கள், தயவுசெய்து.

நான் வரவில்லை. வராமல் இருப்பது வருவதைவிட எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்கள் அறியவேண்டும். இதை எழுதி முடித்துக் கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே போய் இருந்து அழப்போகிறேன். உங்களுக்கு என்னால் ஆகவேண்டியது ஏதும் இருந்தால் கேளுங்கள். கேட்டால் மட்டும் வருவேன்.

மலர்


வெள்ளவத்தை
21.10.2024

என் அன்பான மலர்,

மஹ்ரூப் தனியே வந்து நின்றதைக் கண்டபோது முதலில் நம்பமுடியவில்லை. அவருக்குப் பின்னால் நீ வருகிறாயா என்று எட்டிப் பார்த்தேன். கடிதத்தை வாசித்து நானும் அழுதேன். உடுப்பை அடுக்கிவிட்டேன். கால்மிதி குப்பைக்குப் போய்விட்டது.

ஒரு காரியம் இருக்கிறது. எனக்குக் குனிந்து கால் நகம் வெட்ட முடியவில்லை. கொஞ்சக் காலத்துக்கு அப்படிக் குனியவே கூடாது என்று சாமினியும் சொல்கிறாள். வளர்ந்துபோய்ச் செருப்பில் குத்துகிறது. அவள் தான் வெட்டிவிடுகிறேன் என்றாள், எனக்கு வெட்கமாக இருந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். வேறொருவர் முன்னால் காலை நீட்ட மனம் வரவில்லை.

உன் வீட்டில் இருந்தபோது எனக்கு இது ஒருநாளும் நினைவுக்கே வந்ததில்லை. நான் வாய் திறக்க முதலே நீ வெட்டிவிடுவாய். உன்னிடம் ஒன்றைக் கேட்பது எப்படி என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இப்போது கேட்கிறேன். வெள்ளிக்கிழமை வா, மலர்.

அக்கா